பழைய நோயும் புதிய அச்சமும்: ஐக்கிய அமெரிக்காவில் ஹேர்பீஸ் பீதியின் வரலாறு

நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கிருமியின் வரலாற்றையும் மருந்தின் வரலாற்றையுமே எழுதுகின்றனர். நோய் குறித்து மக்கள் கொண்ட அச்சத்துக்கும் தனியானதொரு வரலாறு உண்டென்பது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. பெரியம்மை, கொலரா முதலிய கொள்ளைநோய்களைப் பொறுத்தவரை நோயும் அச்சமும் ஏறத்தாழ உடன்சென்றன எனலாம். ஆயின் சில நோய்கள் நூற்றாண்டுக்கணக்காக மக்களிடையே நிலவியும் பெரிதாக அஞ்சப்படாதிருந்து, பின்னர் ஒரு குறிப்பிட்ட காலகட்டத்திலே, நோயின் இயல்பில் மாற்றம் எதுவும் நிகழாதபோதிலும், பெரும் பீதிக்குக் காரணமாயமைந்துள்ளன. ஹேர்பீஸ் இவ்வகைக்குத் தக்கதோர் உதாரணமாகும். 1970 களின் பிற்பகுதியிலும் 1980 களின் முற்பகுதியிலும் ஐக்கிய அமெரிக்காவில் இந்நோய் குறித்து எழுந்த அச்சம் எவ்வாறு உருவாயிற்று, அதற்குட்பட்டோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர், பிற்கால ஆய்வுகள் அவ்வச்சத்தின் எப்பகுதியை மெய்ப்பித்தன, எப்பகுதியைப் பொய்ப்பித்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் பற்றிய விளக்கமொன்று முதலில் வேண்டப்படுகின்றது. 'அக்கி' என்னும் தமிழ்ப் பெயர் கொப்புளங்கள் கூட்டமாக எழும் தோல்நோய்களுக்குப் பொதுவாக வழங்கி வந்துள்ளது. கொப்புளிப்பானை உண்டாக்கும் வைரசு பல ஆண்டுகள் கழிந்தபின் உடலின் ஒரு பக்கத்திலே பட்டையாகத் தோற்றுவிக்கும் நோயையே அச்சொல் சிறப்பாகக் குறிக்கும். ஈண்டு ஆராயப்படுவது அவ்வைரசின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரசினால் வரும் நோயாகும். உதட்டிலோ பிறப்புறுப்பிலோ சிறு கொப்புளங்களாகத் தோன்றி, புண்ணாகி, சில நாள்களில் அல்லது வாரங்களில் தானே ஆறி, மீண்டும் தோன்றும் இயல்பினது அது. அதனைக் குறிக்கவே 'ஹேர்பீஸ்' என்னும் பெயர் இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது.

நோயின் தொன்மை

'ஹேர்பீஸ்' என்பது ஊர்தல் எனப் பொருள்படும் கிரேக்க வினையடியாகப் பிறந்த சொல். தோலில் ஊர்ந்து பரவும் பலவகைப் புண்களையும் பண்டைக் கிரேக்க மருத்துவர் இச்சொல்லாற் குறித்தனர். பிறப்புறுப்பில் எழும் கொப்புளங்களைப் பிரான்சிய மருத்துவரான ஜோன் அஸ்திரூக் 1736 இல் வெளியிட்ட மேகநோய்கள் பற்றிய நூலிலே விவரித்தார். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே தோல்நோய்களை வகைப்படுத்திய தோமஸ் பேற்மன், உதட்டில் வருவதையும் பிறப்புறுப்பில் வருவதையும் ஒரே இனத்தின் இரு வகைகளாகக் கொண்டார். 1886 இல் திடே, துவாயோன் என்னும் பிரான்சிய மருத்துவர் இருவர் பிறப்புறுப்பு ஹேர்பீஸ் பற்றித் தனிநூலொன்றையே எழுதினர். நோய் மீண்டும் மீண்டும் தோன்றும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். எனவே இருபதாம் நூற்றாண்டு தொடங்குமுன்னரே நோயும், அது பாலுறவோடு தொடர்புடையதென்பதும், திரும்பத் திரும்ப வருவதென்பதும் மருத்துவ உலகிற்குத் தெரிந்தவையே. ஆயினும் அக்கால மருத்துவருக்கு அது பெரியதொரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. சிபிலிசுப் புண்ணிலிருந்து அதனைப் பிரித்தறிவதே அவர்களது முதன்மையான கவலையாக இருந்தது. சிபிலிசு அன்று எனக் கண்டபோது மருத்துவரும் நோயாளியும் ஆறுதலடைந்திருப்பர் என ஊகிப்பதில் தவறில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி நோயின் பொறிமுறையை வெளிப்படுத்திற்று. ஜேர்மனியக் கண்மருத்துவரான குரூட்டர், மனிதக் கண்ணில் ஏற்பட்ட ஹேர்பீஸ் புண்ணிலிருந்து எடுத்த பொருளை முயலின் கண்ணில் இட்டு நோயை உண்டாக்கலாம் என நிறுவினார். அவரது ஆய்வு 1920 இல் வெளிவந்தது. மறுவருடம் வியன்னாவிலே லிப்சூற்ஸ் என்பவர் பிறப்புறுப்புப் புண்ணிலிருந்தும் அவ்வாறே நோயை மாற்றிக் காட்டினார். 1929 இல் அமெரிக்கரான ஏர்ணஸ்ற் குட்பாஸ்ரர், புண் ஆறியபின்னர் வைரசு நரம்புத் திரட்டுகளிலே தங்கியிருத்தல் கூடுமெனக் கருத்துரைத்தார். அவுஸ்திரேலியரான மக்பாலன் பேணற் 1939 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குழந்தைப் பருவத்தில் தொற்றிய வைரசு ஆயுள் முழுவதும் உடலில் இருந்து, காய்ச்சல் முதலிய தூண்டல்களால் மீள எழுகின்றது என விளக்கினார். இக்கருத்துகளுக்கு நேரடியான சான்று 1971 இலேயே கிடைத்தது. அவ்வாண்டில் கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஸ்ரீவன்ஸ், குக் என்னும் ஆய்வாளர்கள், சுண்டெலிகளின் முதுகந்தண்டை அடுத்துள்ள நரம்புத் திரட்டுகளிலே உறங்குநிலையிலிருக்கும் வைரசைக் கண்டறிந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மனிதரின் நரம்புத் திரட்டுகளிலும் அது கண்டறியப்பட்டது.

நோய் மீள வருவதன் காரணம் இவ்வாறு தெளிவாயிற்று. தோலில் நுழையும் வைரசு உணர்ச்சி நரம்பு இழைகளின் வழியே சென்று, அந்நரம்பின் திரட்டை அடைந்து, அங்கே செயலற்றுத் தங்குகின்றது. உதட்டில் தொற்றியது முகத்துக்குரிய நரம்புத் திரட்டிலும், பிறப்புறுப்பில் தொற்றியது முதுகந்தண்டின் அடிப்பகுதியை அடுத்த திரட்டிலும் உறையும். இடையிடையே அது விழித்தெழுந்து, சென்ற வழியே திரும்பித் தோலை அடைகின்றது. இடத்தால் வேறுபட்டபோதிலும் இரு நிலைகளிலும் நிகழ்வது ஒன்றே. இவ்வுண்மை பின்னர் எழுந்த அச்சத்தின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

அச்சம் எழுந்த சூழல்

1943 இல் ஜோன் மகோனி என்னும் அமெரிக்க மருத்துவர் சிபிலிசு நோயாளர் நால்வருக்குப் பெனிசிலின் கொடுத்துக் குணப்படுத்தினார். சில ஆண்டுகளுள் சிபிலிசும் கொணோரியாவும் ஊசிமருந்தினால் தீரும் நோய்களாயின. 1960 இல் கருத்தடை மாத்திரை அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பாலுறவின் விளைவுகளாக மக்கள் தலைமுறை தலைமுறையாக அஞ்சிவந்த இரண்டும், அதாவது வேண்டாத கருவும் தீராத நோயும், ஒரு தலைமுறைக் காலத்துள்ளே கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இச்சூழலில் வளர்ந்தவர்களுக்கு 'தீராதது' என ஒரு மருத்துவர் கூறுவதே புதிய அனுபவமாயிற்று. பாட்டன் காலத்தில் சிபிலிசு அன்று என்பதனால் ஆறுதல் தந்த அதே புண், பேரன் காலத்தில் தீராதது என்பதனால் அதிர்ச்சி தந்தது.

இதே காலத்தில் விஞ்ஞானமும் அறியாமலே அச்சத்துக்குத் துணைபோயிற்று. 1962 இல் ஜேர்மனியரான ஷ்னவைஸ் என்பவரும், 1968 இல் அமெரிக்கரான நாமியாஸ், டவுடில் என்போரும் ஹேர்பீஸ் வைரசில் இரு வகைகள் உண்டென நிறுவினர். முதலாம் வகை பெரும்பாலும் உதட்டிலும், இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பிலும் காணப்பட்டன. இவ்வேறுபாடு பொதுமக்களிடம் சென்றபோது முதலாவது குற்றமற்றது, இரண்டாவது குற்றமுடையது என்னும் ஒழுக்கப் பாகுபாடாக மாறிற்று. உதட்டுப் புண் 'தடிமன் புண்' என்னும் எளிய வழக்குப் பெயராலேயே தொடர்ந்து அழைக்கப்பட, 'ஹேர்பீஸ்' என்னும் பெயர் மற்றையதற்கே உரியதாயிற்று.

இரண்டாம் வகை வைரசே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயம் 1960 களின் பிற்பகுதியில் எழுந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நிலைத்தது. புற்றுநோய் கண்ட பெண்களிடத்தே அவ்வைரசுக்கெதிரான பிறபொருளெதிரிகள் மிகுதியாகக் காணப்பட்டமை அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. ஜேர்மனிய ஆய்வாளரான ஹறால்ட் சூர் ஹவுசன், புற்றுநோய்க் கலங்களில் இவ்வைரசின் மரபுப்பொருளைத் தேடிக் காணாது, 1970 களின் நடுப்பகுதியிலேயே அக்கருத்தை மறுத்தார். 1983 இல் அவரது குழுவினர் பப்பிலோமா வைரசின் 16 ஆம் வகையை அப்புற்றுநோயிலே கண்டறிந்தபின் உண்மை வெளியாயிற்று. அதற்காக 2008 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். எனினும் இடைப்பட்ட காலத்தில் நோயுற்ற பெண்கள் பலர் இல்லாததொரு பழியையும் சுமந்தே வாழ்ந்தனர்.

சிகிச்சையின் நிலையும் நம்பிக்கை தருவதாயிருக்கவில்லை. ஈதர் பூசுதல், புண்ணில் சாயமிட்டு ஒளிபாய்ச்சுதல், பெரியம்மைத் தடுப்பூசியைத் திரும்பத் திரும்ப ஏற்றுதல் முதலிய முறைகள் கையாளப்பட்டன. முறைப்படி சோதிக்கப்பட்டபோது இவை பயனற்றவை எனத் தெரியவந்தது. பெரியம்மைத் தடுப்பூசி ஆபத்தும் விளைக்கக்கூடியதாயிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய சிகிச்சை அறிவிக்கப்படுதலும் பின்னர் கைவிடப்படுதலும் நோயாளரின் மனச்சோர்வை மேலும் வளர்த்தன.

செந்நிற எழுத்து

அச்சம் உச்சநிலையை அடைந்தது 1980 க்கும் 1982 க்கும் இடைப்பட்ட காலத்திலாகும். 1980 யூலையில் 'ரைம்' என்னும் அமெரிக்க வார இதழ் இந்நோயைப் புதிய பாலியல் தொழுநோய் என வருணிக்கும் தலைப்பிலே கட்டுரையொன்றை வெளியிட்டது. 1982 ஓகஸ்ற் 2 ஆந் திகதிய இதழின் அட்டையிலேயே ஹேர்பீஸ் இடம்பெற்றது. இம்முறை தலைப்புக்குக் கைகொடுத்தது நதானியல் ஹோதோணின் 1850 ஆம் ஆண்டு நாவலாகும். பதினேழாம் நூற்றாண்டின் பொஸ்ரனிலே பிறழ்நெறிக் குற்றத்துக்காக மார்பில் செந்நிற எழுத்தை அணியுமாறு தண்டிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் கதை அது. ஹேர்பீஸ் நோயே தற்காலத்தின் செந்நிற எழுத்து என இதழ் கூறிற்று. ஏறத்தாழ 20 மில்லியன் அமெரிக்கர் இந்நோயுடையர் எனவும், 1960 களில் தொடங்கிய பாலியற் சுதந்திரத்துக்கு இது முற்றுப்புள்ளி வைக்கக்கூடுமெனவும் அக்கட்டுரை எடுத்துரைத்தது.

இவ்விரு உருவகங்களும் ஊன்றி நோக்கத்தக்கன. தொழுநோய் என்ற உருவகம் நோயாளியைச் சமூகத்தினின்றும் புறத்தே நிறுத்துகின்றது. செந்நிற எழுத்து என்ற உருவகம் நோயைத் தண்டனையாக்குகின்றது. மருத்துவ நோக்கில் சில நாள்களில் ஆறும் தோற்புண்ணொன்றுக்கு இத்துணைப் பாரமான உருவகங்கள் பொருந்தியமைக்கு நோயின் கொடுமை காரணமன்று; அது நிரந்தரமானது என்பதும், பாலுறவால் வருவது என்பதும் சேர்ந்தமையே காரணம். 1980 களில் நோயாளரை ஆராய்ந்த மனநல மருத்துவர்கள் அதிர்ச்சி, சினம், தனிமை, தீண்டத்தகாதோர் ஆயினோம் என்னும் உணர்வு ஆகியவற்றைப் பதிவு செய்தனர். உடல் வேதனையைக் காட்டிலும் இரண்டு கவலைகளே அவர்களை ஓயாது வருத்தின. அடுத்த முறை எப்பொழுது வரும் என்பது ஒன்று. அன்புக்குரியவருக்குத் தன்னால் தொற்றிவிடுமோ என்பது மற்றொன்று.

நீதிமன்றங்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. 1984 இல் கலிபோர்ணிய மேன்முறையீட்டு நீதிமன்றம், தனக்கு ஹேர்பீஸ் இருப்பதை மறைத்து மற்றவருக்குத் தொற்றச் செய்தவர்மீது நட்டஈடு கோரி வழக்குத் தொடரலாமெனத் தீர்ப்பளித்தது. நோயைச் சொல்லாதிருத்தல் தனிப்பட்ட விடயம் என்ற நிலை மாறிச் சட்டப் பொறுப்பாயிற்று. ஆயின் சொல்வதற்குரிய துணிவைச் சட்டம் அளிக்கவில்லை. சொன்னால் கைவிடப்படலாம், சொல்லாவிடின் குற்றவாளியாகலாம் என்ற இக்கட்டில் நோயாளர் நின்றனர்.

1981 யூனில் முதன்முறையாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் எயிட்ஸ் எனப் பெயர்பெற்ற நோய், அடுத்த சில ஆண்டுகளில் பத்திரிகைகளின் கவனத்தை முழுமையாக ஈர்த்துக்கொண்டது. உயிர்கொல்லும் நோயொன்றின் முன் ஹேர்பீஸ் செய்தி மதிப்பிழந்தது. பீதி அடங்கியதற்கு அறிவு வளர்ச்சி காரணமாகவில்லை; அதனிலும் பெரிய பீதியொன்று அதன் இடத்தைப் பிடித்தமையே காரணமாகும். ஆகவே நோயாளர்மீது படிந்த இழிவுணர்வு ஆராயப்படாமலே எஞ்சிவிட்டது.

பாதிக்கப்பட்டோரின் முயற்சி

அட்டைப்படக் கட்டுரைகளுக்கு முன்னரே நோயாளர் தமக்குள் ஒன்றுசேரத் தொடங்கியிருந்தனர் என்பது இவ்வரலாற்றில் பெரும்பாலும் மறக்கப்படும் செய்தியாகும். 1979 இல் கலிபோர்ணியாவின் பாலோ அல்ரோவைத் தளமாகக் கொண்டிருந்த அமெரிக்க சமூக சுகாதாரச் சங்கம் ஹேர்பீஸ் நோயாளருக்கெனத் தனித் திட்டமொன்றை ஆரம்பித்தது. 'த ஹெல்ப்பர்' என்னும் செய்தியிதழும், பல நகரங்களில் நோயாளர் கூடிப் பேசும் உதவிக் குழுக்களும் இதன்வழித் தோன்றின. அச்சங்கம் 1914 இல், மேகநோயை ஒழுக்கப் பிரசாரத்தாலும் ஒழிக்க முற்பட்ட இயக்கமொன்றின் விளைவாகத் தோன்றியது என்பதை நினைவிற்கொள்ளின், மாற்றத்தின் ஆழம் புலனாகும். ஒழுக்கம் போதிக்கத் தொடங்கிய அமைப்பு அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் நோயாளரின் குரலுக்குச் செவிகொடுக்கும் அமைப்பாயிற்று.

இக்குழுக்களால் நோயைக் குணப்படுத்த இயலவில்லை. ஆயினும் அவை இரண்டு காரியங்களைச் செய்தன. முதலாவது, ஆய்விதழ்களில் மருத்துவருக்காக மட்டும் எழுதப்பட்ட செய்திகளை நோயாளர் அறியும் மொழியிலே கொண்டுவந்தன. இரண்டாவது, ஒருவர் இன்னொரு நோயாளியை நேரிற் காண வாய்ப்பளித்தன. தன்னைப்போன்ற ஒருவர் தொழில் புரிந்து, மணஞ்செய்து, பிள்ளை பெற்று வாழ்வதைக் காணும்போது, தொழுநோய் என்னும் உருவகம் தன் வலிமையை இழக்கின்றது.

மருந்தும் அதன் எல்லையும்

1977 ஆம், 1978 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் அசைக்ளோவிர் என்னும் மருந்தை உலகிற்கு அறிமுகப்படுத்தின. பறோஸ் வெல்க்கம் கம்பனியின் ஆய்வுகூடத்தில் ஹவார்ட் ஷேபர், ஜேட்றூட் எலியன் ஆகியோரின் குழுவினர் இதனை உருவாக்கினர். இதன் செயற்பாடு நுட்பமானது. வைரசுக்கேயுரிய நொதியமொன்று தொடக்கிவைத்தாலன்றி இம்மருந்து வீரியம் பெறுவதில்லை. ஆகவே வைரசு பெருகும் கலங்களில் மட்டும் அது தொழிற்பட்டு, ஏனைய கலங்களைப் பெரும்பாலும் பாதியாது விடுகின்றது. அதே காரணத்தால், நரம்புத் திரட்டில் உறங்கும் வைரசை அது அழிப்பதில்லை. எலியன் 1988 இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவராயினார்.

பூசுமருந்தாக 1982 இலும், வாய்வழி உட்கொள்ளும் மருந்தாக 1985 இலும் அமெரிக்காவில் இது அங்கீகரிக்கப்பட்டது. அடிக்கடி நோய் மீளும் ஒருவர் நாள்தோறும் இதனை உட்கொண்டால் புண்கள் பெரிதும் குறைகின்றன என 1984 இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. மருந்தை நிறுத்தியபின் நோய் மீண்டும் தோன்றியது. எனினும் அடுத்தது எப்பொழுது எனக் காத்திருந்த நிலை மாறி, வருவதைத் தானே தடுக்கலாம் என்ற நிலை ஏற்பட்டமை நோயாளரின் மனநிலையில் பெரும் மாற்றமாகும்.

மருந்தை விற்கும் பொருட்டு அக்கம்பனியே ஹேர்பீஸ் பற்றிய இழிவுணர்வை உருவாக்கிற்று எனப் பிற்காலத்தில் பரவலாகக் கூறப்பட்டது. கால வரிசை இக்கூற்றுக்கு இடந்தரவில்லை. உதவிக் குழுக்கள் 1979 இலும், தொழுநோய் உருவகம் 1980 இலும் தோன்றிவிட்டன. மருந்து சந்தைக்கு வந்தது 1982 இலாகும். இழிவுணர்வு முழுவதையும் வணிகச் சூழ்ச்சியாகக் காண்பது, சமூகத்தின் சொந்தப் பொறுப்பை மறைக்கவே உதவும்.

அளவீட்டின் காலம்

1990 களிலிருந்து வெளியான ஆய்வுகள் பீதிக் காலத்தின் படத்தை ஏறத்தாழ முழுமையாகத் திருத்தியமைத்தன. 1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட தேசிய குருதிப் பரிசோதனைகளை ஆராய்ந்து 1997 இல் வெளியான கட்டுரை, 12 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 21.9 பேர் இரண்டாம் வகை வைரசை உடையவர் எனக் காட்டிற்று. இது ஏறத்தாழ 45 மில்லியன் மக்களாகும். 1982 இன் கட்டுரை கூறிய தொகையிலும் இது இருமடங்குக்கு மேற்பட்டது. ஆயின் அவர்களுள் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே தமக்கு நோய் இருந்ததாகக் கூறினர். செந்நிற எழுத்து உண்மையாயின் அதனை அணிந்தோருட் பெரும்பாலார் அணிந்திருப்பதையே அறியாதவர்! மருத்துவரை நாடிவந்த, கடுமையான அறிகுறியுடைய சிறுபான்மையினரைக் கொண்டே நோயின் படம் வரையப்பட்டிருந்தது என்பது இதனால் தெளிவாகின்றது. 2015-2016 காலப்பகுதியில் 14 முதல் 49 வரையான வயதினரிடையே இவ்விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு 12 ஆகக் குறைந்திருந்தது.

மீளெழுச்சி பற்றிய அச்சமும் அளக்கப்பட்டது. 457 நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து 1994 இல் வெளியான ஆய்வொன்றின்படி, இரண்டாம் வகை வைரசினால் முதன்முறை நோயுற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பேருக்கு முதலாண்டில் ஒருமுறையேனும் நோய் மீண்டது. நூற்றுக்கு 38 பேருக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ மீண்டது. எனவே அச்சம் வெறுங் கற்பனையன்று. ஆயின் ஆண்டுகள் செல்லச்செல்லப் பெரும்பாலானோருக்கு மீளெழுச்சிகள் குறைகின்றன என்பதையும், முதலாம் வகை வைரசு பிறப்புறுப்பில் தொற்றியபோது மிக அரிதாகவே மீள்கின்றது என்பதையும் அதே ஆய்வு மரபு நிறுவியது.

மனக்கவலையே நோயை மீட்டுக் கொணர்கின்றது என்னும் நம்பிக்கை இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. அது நோயாளரை ஒரு வட்டத்துள் சிக்கவைத்தது. நோய் வருமோ எனக் கவலையுற்றால் அக்கவலையாலேயே நோய் வரும் என அஞ்சினர். வந்தபோது தம்மையே நொந்துகொண்டனர். 58 பெண்களை ஆறு மாதங்கள் வாரந்தோறும் வினவி 1999 இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவுபடுத்திற்று. ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த நெருக்கடிகள் மீளெழுச்சியோடு தொடர்புடையனவாயிருந்தன. குறுகிய கால நெருக்கடியோ, வந்துபோகும் மனத்துயரோ அவ்வாறு தொடர்புறவில்லை. ஒருநாட் கவலைக்காக ஒருவர் தம்மைக் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாயிற்று.

தொற்றுதல் பற்றிய செய்திகள் இருபக்கமும் செல்வன. புண் இல்லாதபோது தொற்றாது என்னும் பழைய ஆறுதல் நிலைக்கவில்லை. 1992 இல் வெளியான ஆய்வில், ஒருவர் மட்டும் நோயுற்றிருந்த 144 தம்பதியருள் ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் 14 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை அறிகுறி எதுவும் இல்லாத நாள்களில் நிகழ்ந்தவை. எனினும் இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அதே காலத்தில் 130 தம்பதியரிடத்தே தொற்று நிகழவில்லை. 2004 இல் வெளியான மற்றொரு ஆய்வு 1484 தம்பதியரை எட்டு மாதங்கள் தொடர்ந்தது. நோயுற்றவர் நாள்தோறும் வலசைக்ளோவிர் உட்கொண்ட 743 தம்பதியருள் 14 பேருக்கும், மருந்தற்ற மாத்திரை உட்கொண்ட 741 தம்பதியருள் 27 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. மருந்து அபாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆணுறையைத் தவறாது பயன்படுத்துதல் அபாயத்தை ஏறத்தாழ நூற்றுக்கு 30 குறைக்கின்றது எனப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009 இல் மதிப்பிடப்பட்டது.

இவை யாவற்றினும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது 2006 இல் வெளியான ஆய்வொன்றாகும். துணைவரிடமிருந்து அண்மையில் நோய் தொற்றியோரை அது ஆராய்ந்தது. துணைவர் தம் நோயை முன்னரே கூறியிருந்தவிடத்துத் தொற்று நிகழ்வதற்கு முன் சென்ற காலத்தின் இடைநிலை அளவு 270 நாள். கூறாதிருந்தவிடத்து அது 60 நாள். வாய்திறந்து சொல்லுதல் என்ற ஒரு செயல் நோய்த்தடுப்பாகவும் அமைகின்றது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. ஆகவே சொல்லவிடாது தடுக்கும் இழிவுணர்வு ஒழுக்கத்தைக் காப்பதாகத் தோன்றினும், நடைமுறையில் நோயைப் பரப்புவதற்கே துணைபோயிற்று எனக் கூறல் மிகையாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பீதிக் காலத்தின் அச்சத்தை மூன்று கூறுகளாகப் பிரித்து நோக்கலாம். அவற்றுள் ஒன்று பொய்யானது: புற்றுநோய் பற்றிய அச்சம் அத்தகையது. இன்னொன்று மெய்யானது: பிறக்கும் சிசுவுக்கு நோய் தொற்றின் உயிருக்கே கேடு நேரலாம். ஆயின் அதற்கும் அளவுண்டு. பிரசவத்தை அண்டிய காலத்தில் தாய்க்குப் புதிதாக நோய் தொற்றின் சிசுவுக்கு அபாயம் நூற்றுக்கு 30 முதல் 50 வரையாகும். நெடுநாளாக நோயுடைய தாயிடத்தே அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. அதிகம் அஞ்சியவர் பின்னவரே என்பது கவலைக்கும் அபாயத்துக்கும் இடையிலிருந்த தூரத்தைக் காட்டும். மூன்றாவது கூறு மருத்துவம் சாராதது. உதட்டிலே உள்ளபோது எவரும் பொருட்படுத்தாத வைரசு பிறப்புறுப்பிலே உள்ளபோது அடையாளக் குறியாவது ஏன் என்பதற்கு நுண்ணுயிரியலில் விடையில்லை.

அவ்விரண்டாகப் பிரித்த எல்லையும் பின்னர் கலைந்துவிட்டது. குழந்தைப் பருவத்தில் உதட்டு வைரசு தொற்றாமலே வளர்வோர் செல்வ நாடுகளில் பெருகியமையால், பிறப்புறுப்பு ஹேர்பீஸில் முதலாம் வகையின் பங்கு அந்நாடுகளில் அதிகரித்தது. 2020 ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோருள் 3.8 பில்லியன் மக்கள் முதலாம் வகையையும், 15 முதல் 49 வரையான வயதினருள் 520 மில்லியன் மக்கள் இரண்டாம் வகையையும் உடையவர். மனித குலத்தின் பெரும்பகுதியையே புறத்தே நிறுத்தும் அடையாளம் அடையாளமாக இருத்தல் இயலாது.

இதனால் அச்சத்துக்கு இடமே இல்லை என்பது பெறப்படாது. நோயை முற்றாக நீக்கும் மருந்து இல்லை. 8323 பெண்கள் பங்குகொண்ட தடுப்பூசிச் சோதனை இரண்டாம் வகை வைரசைத் தடுக்கத் தவறியமை 2012 இல் வெளியாயிற்று. அறிகுறியற்றோருக்குக் குருதிப் பரிசோதனை செய்யவேண்டாம் என அமெரிக்க நோய்த்தடுப்புச் செயலணி 2016 இல் அறிவுறுத்தி 2023 இல் மீளவும் வலியுறுத்தியது. பரிசோதனை பொய்யான நேர்முடிவுகளைத் தருவதும், அம்முடிவு விளைக்கும் மனத்துயரும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் அடங்கும். மனத்துயர் ஒரு மருத்துவ அமைப்பின் தீர்மானத்திலே கணக்கிற்கு எடுக்கப்பட்டமை கவனத்துக்குரியது. 1982 இல் செய்தியாக விற்கப்பட்ட அச்சம், நாற்பது ஆண்டுகளின் பின் தவிர்க்கப்படவேண்டிய தீங்காக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

இந்நாற்பது ஆண்டு அனுபவம் காட்டுவது யாதெனில், நோயாளருக்கு உதவியவை 'அஞ்சற்க' என்ற பொது ஆறுதலோ 'அஞ்சுக' என்ற பொது எச்சரிக்கையோ அல்ல என்பதாகும். எவ்வளவு, எப்பொழுது, எவருக்கு என்ற கேள்விகளுக்குக் கிடைத்த திட்டமான விடைகளும், அவ்விடைகளை மற்றொருவரோடு கூடியிருந்து பேசக் கிடைத்த இடமுமே அவர்களுக்குத் துணைநின்றன. முதலாவதைத் தருவது ஆய்வுகூடத்தின் கடமை. இரண்டாவதைத் தருவதோ தருவிக்காதிருப்பதோ ஒவ்வொரு சமூகத்தினதும் கையிலுள்ளது.